பண்டத்தரிப்பு முதல் ஆரணி வரை: பழைய ஆலயக் கூடங்களின் மறுவாழ்வு

ஆரணி என்றதும் வரலாறு பயின்றோர் நினைவில் எழுவன இரண்டு போர்கள். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ், மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு, சந்தா சாகிபின் மகன் ரசா சாகிபின் படையை இங்கே முறியடித்தார். 1782 ஜூனில் அயர் கூட்டும் ஐதர் அலியும் இதே ஊரின் அருகே மோதினர். மற்றையோர்க்கு ஆரணி என்றால் பட்டு. கமண்டல நாகநதிக் கரையில் தறியோசை கேட்கும் ஊர். நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் பொருள் இவ்விரண்டிலும் சேராதது போலத் தோன்றும். ஆனால் இறுதியில் அது தறியிடமே வந்து நிற்கும் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களில், மிஷன் வளாகம் என்று மக்கள் வழங்கும் இடங்களில், ஆலயத்தை அடுத்து ஒரு நீண்ட கூடம் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். ஞாயிறு பள்ளி, உபதேசியார் கூட்டம், திருமண விருந்து, துக்க வீட்டார்க்கான உணவு ஆகிய எல்லாவற்றிற்கும் அதுவே இடம். காலப்போக்கில் சீமை ஓடு சரியும். விட்டத்தில் செல் ஏறும். சுவரில் அரசங்கன்று முளைக்கும். அப்போது சபையில் கேள்வி எழும்: இடித்துவிடலாமா, புதுக்கலாமா? புதுக்குவதென்றால் ஊர் முழுமைக்கும் பயன்படத் திறந்துவிடலாமா?

இக்கேள்வியைக் கட்டடப் பொறியாளரிடம் மட்டும் கேட்பது போதாது என்பது நம் கருத்து. கூரை விழுந்ததனால் மக்கள் வெளியேறிய கூடங்கள் குறைவு. மக்கள் வெளியேறியதனால் கூரை விழுந்தவையே மிகுதி. இதற்குத் தக்க சான்று கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஆரணிக்கும் யாழ்ப்பாணத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு ஒரு குடும்பத்தின் வழியாக வருகிறது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபின் ஊர்தோறும் ஆலயங்கள் எழுப்பினர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றிவிட்டு, அவ்வாலயங்களைத் தம் சமயப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டனர். அக்காலத்தில் அங்கு ஊழியம் செய்த பல்தேயஸ் என்னும் குருவானவர் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை முதலிய ஊர் ஆலயங்களின் படங்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றைப் பார்ப்போர்க்கு அந்நாளைய யாழ்ப்பாணத்தின் சித்திரம் ஒருவாறு மனத்தில் பதியும்.

ஒல்லாந்தர் காலத்தில் அக்கட்டடங்கள் வெறும் தொழுகையிடங்கள் அல்ல. பள்ளிக்கூடம் அங்கேதான் நடந்தது. ஊரார் திருமுழுக்கும் திருமணமும் அங்கேதான் பதிவாயின. பள்ளித் தோம்பு என்று அப்பதிவேட்டுக்குப் பெயர். நிலவுரிமைக்கும் வாரிசுரிமைக்கும் அரசு வேலைக்கும் அப்பதிவு வேண்டியிருந்தமையால் மக்கள் வந்தனர். நம்பிக்கையால் வந்தோர் சிலர். தேவையால் வந்தோர் பலர். ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டு அக்கட்டாயம் நீங்கியதும் கூட்டம் கலைந்தது. யாரும் வராத ஆலயத்தின் ஓட்டை யார் மாற்றுவர்? 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது, ஒன்றரை நூற்றாண்டு முன்னர் பல்தேயஸ் காட்டிய ஆலயங்களிற் பல கூரையின்றிச் சுவர்களாய் நின்றன.

அவர்கள் செய்ததுதான் நம் பொருளுக்கு மிக முக்கியம். புதிய இடம் தேடாமல், அரசின் இசைவு பெற்று, அப்பாழ்ங் கட்டடங்களையே வாங்கிக்கொண்டனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முதலில் குடியேறினர். பின்னர் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய். சுவரை இடிக்கவில்லை, கூரை வேய்ந்தனர். அருகே பள்ளி தொடங்கினர். வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி எழுந்தது. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த பெரியார் தாமோதரம்பிள்ளை என்பதை நம் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கூரை போன ஓர் ஆலயத்துக்குக் கூரை போட்டதன் பலனில் ஒரு பங்கு சங்க இலக்கியத்துக்கும் வந்து சேர்ந்தது எனலாம். சற்று மிகைதான், ஆனால் முற்றும் பொய்யன்று.

அதே தொகுதியில் சங்கானை ஆலயமும் இருந்தது. பல்தேயஸின் படத்தில் அது மற்றவற்றுக்குக் குறைந்ததாகத் தோன்றாது. ஆனால் அதற்கு அத்தகைய மறுபயன் வாய்க்கவில்லை. இன்றும் அது முருகைக்கற் சுவர்களாய், வானமே கூரையாய் நிற்கிறது. வட்டுக்கோட்டை ஆலயமோ இன்று தென்னிந்தியத் திருச்சபை யாழ்ப்பாணப் பேராயத்தின் தலைமை ஆலயம். ஒரே காலத்துக் கட்டடங்கள். ஒரே வகைக் கல்லும் சுண்ணாம்பும். ஒரே மழை, ஒரே உப்புக்காற்று. கட்டுமானத்தில் இல்லாத வேறுபாடு பயன்பாட்டில் இருந்தது.

இனி ஆரணிக்கு வருவோம். பண்டத்தரிப்பில் 1820இல் குடியமர்ந்தவர் மருத்துவர் ஜான் ஸ்கடர். பாழடைந்த பழைய ஆலய வளாகத்தைச் சீர்செய்து அங்கே மருந்தகமும் பள்ளியும் நடத்தினார். அவர் மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1822இல் அங்கேயே பிறந்தார். தந்தை 1836இல், பின்னாளில் தமிழ் அகராதியால் புகழ்பெற்ற வின்ஸ்லோவுடன், சென்னைக்கு மாறினார். மகன் ஹென்றி மார்ட்டின் தம் தம்பியர் வில்லியம், ஜோசப் ஆகியோரோடு 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவினார். தொடக்கத்தில் அமெரிக்கன் போர்டின் கீழிருந்த அம்மிஷன் 1857இல் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் பொறுப்புக்கு வந்தது. ஆற்காடு, வேலூர், சித்தூர் ஆகியவற்றோடு அதன் தொடக்க கால நிலையங்களில் ஒன்று ஆரணி. பாழான ஆலயம் ஒன்று மருந்தகமாகவும் பள்ளியாகவும் உயிர்பெற்றதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளே, வளர்ந்தபின் ஆரணிப் பக்கம் வந்தனர்.

ஆனால் வந்தவுடன் அவர்கள் பள்ளிகள் திறந்துவிடவில்லை என்பது வியப்பான செய்தி. தமிழில் நின்று பேசுவதே முதற்கடமை, பிற சமயத்தார்க்கான பள்ளிகள் நடத்துவது தம் வேலையன்று என்று ஆற்காடு மிஷன் தொடக்கத்தில் கடுமையான விதி வகுத்துக்கொண்டிருந்தது. அவ்விதி நெடுங்காலம் நிலைக்கவில்லை. பெண்களுக்கான பள்ளிகள் வந்தன, வாசகசாலைகள் வந்தன. மதனப்பள்ளியில் ஜேக்கப் சேம்பர்லின் திறந்த இலவச வாசகசாலை பலரும் அறிந்தது. ஆரணியில் தச்சு முதலிய தொழில்கள் கற்பிக்கும் தொழிற்பள்ளி நடந்தது. பின்னர் அது காட்பாடிக்கு மாற்றப்பட்டது. விதியைத் தளர்த்தியது கொள்கை மாற்றம் மட்டுமன்று. வேதம் கேட்க வராதவரும் செய்தித்தாள் படிக்க வருவர், கைத்தொழில் கற்க வருவர் என்னும் அனுபவ அறிவும் அதில் இருந்தது.

வந்தவர் யார் என்பதையும் நாம் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆற்காடு மிஷனின் கிராமச் சபைகளிற் பெரும்பாலும் சேர்ந்தோர் சேரிகளில் வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்கள். ஊர்ச் சாவடியில் ஏறவும், பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமை மறுக்கப்பட்டவர்கள். அவர்களுக்குச் சபைக் கூடம் என்பது தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த ஒரே பொதுக்கூரை. ஆகவே ‘எல்லார்க்கும் பொதுவாக்குகிறோம்’ என்று ஒரு கூடத்தைப் புதுக்கி, குளிர்பதனம் பொருத்தி, வாடகையை உயர்த்திவிட்டால், முதலில் வெளியேறுவோர் யாரென்று ஊகிப்பது கடினமன்று. திருமண மண்டபம் ஆகிவிட்ட கூடங்களைப் பற்றி நமக்குள்ள மனக்குறை இதுவே. வருமானம் வரும், கூரை நிற்கும், உரியவர் வாசலில் நிற்பர்.

பொதுப்பயன் என்னும் சொல்லுக்கே வரம்பு எது என்ற கேள்வி சென்னைப் பூங்கா நகரில் ஒரு கட்டடத்துக்கு 160 ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்தது. அது மெமோரியல் ஹால். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி வங்காள மாகாணத்தைப் போலச் சென்னை மாகாணத்தை அலைக்கழிக்காமைக்கு நன்றியாக, பொதுமக்கள் நன்கொடையில் ஆங்கிலேயர் எழுப்பியது. சமயம், கல்வி, அறம், அறிவியல் சார்ந்த பொதுக்கூட்டங்களுக்கு அது திறந்திருக்கும். நடன விருந்து, இசைக்கச்சேரி, நாடகம் போன்ற வெறும் கேளிக்கைக்கு இடமில்லை என்று அன்றே விதித்துவிட்டனர். நன்றி கூறுவோர் யார், எதற்கு நன்றி என்பதெல்லாம் நமக்கு இன்று வேறுவிதமாகத் தோன்றும். அது இருக்கட்டும். விதியை எழுதியோர் கேளிக்கையைத்தான் அஞ்சினர்; காலமோ வேறொன்றைக் கொண்டுவந்தது. பின்னாளில் அங்கே கண்காட்சிகளும் விற்பனைகளும் நடந்தன. ‘மெமோரியல் ஹால் அருகே ஆர்ப்பாட்டம்’ என்ற செய்தியைப் படிக்காத சென்னைவாசி இல்லை. கிளர்ச்சி வராமைக்கு நன்றியாகக் கட்டிய மண்டபத்தின் வாசல், கட்சிகள் கொடிபிடித்து முழங்கும் இடமாயிற்று! எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத இப்பயன்பாட்டினாலேயே ஊரார் நாவில் அதன் பெயர் இன்றும் வாழ்கிறது.

தரங்கம்பாடியில் நேர்ந்தது வேறு வகை. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு வாழ்ந்த வீட்டைச் சீர்செய்து, 2017இல் அருங்காட்சியகமாகத் திறந்தனர். தமிழ் அச்சு வரலாற்றில் நாட்டமுள்ளோர் தவறாமல் காணவேண்டிய இடம். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் அவ்வூரில் பழைய கட்டடங்களைச் சுண்ணாம்பு முறையிலேயே செப்பனிடும் பணி வேகம் பெற்றது. ஆயினும் அருங்காட்சியகம் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் மருந்தன்று. தரங்கம்பாடிக்குப் பயணியர் வருவர். ஆரணிக்குப் பட்டு வாங்க வருவோர் சேலையை மடித்துப் பையில் வைத்ததும் பேருந்து நிலையம் நோக்கி நடந்துவிடுவர்.

புதுக்கும் முறையைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறோம். இதில் நேரும் கேடுகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தால் நேர்பவை.

மிஷன் காலத்துக் கூடங்களில் இருவகைக் கூரைகள் உண்டு. ஒன்று, மரச் சட்டங்களின் மேல் ஓடு வேய்ந்த சாய்கூரை. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் அவ்வோடு தென்னாடு முழுதும் பரவியது. மற்றொன்று, மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தட்டைக் கூரை. தேக்கு உத்திரங்களின் மேல் குறுக்குக் கட்டைகள் வைத்து, மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் பதித்துச் செல்வர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவர். கட்டை பட்டுத் துள்ளும்வரை தட்டவேண்டும் என்பது கொத்தனார் கணக்கு. இறுதியில் தட்டோடு பதிப்பர். இங்ஙனம் அமைந்த கூரை ஒரு நூற்றாண்டைக் கடப்பது அரிதன்று.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மழையில் ஈரம் வாங்கும், வெயிலில் விட்டுவிடும். இச்சுவரின்மேல் ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று சிமெண்ட் பூசிவிட்டால் உள்ளே சென்ற ஈரம் வெளிவர வழியின்றி நிற்கும். உப்புப் பூக்கும், உள்ளே செங்கல் பொரிந்து மாவாகும், சுவருக்குள் செருகிய உத்திரத்தின் முனை உளுத்துப்போகும். வெளியே வழவழப்பான பூச்சு. அதன் பின்னே பொடி. சில ஆண்டுகள் கழித்து உத்திரம் இறங்கும்போது ‘பழைய கட்டடம், இனித் தாங்காது’ என்று தீர்ப்புச் சொல்வர். நூறாண்டு தாங்கியதைத் தாங்காமற் செய்தது பத்தாண்டுக்கு முந்தைய பூச்சு என்பதை யாரும் எண்ணுவதில்லை.

ஆதலின் செய்யவேண்டியது பெரும்பாலும் சிறு வேலைகளே. கூரையில் நீர் தேங்காமல் வழி செய்தல். சுவரடியில் மண் மேடிட்டிருந்தால் வெட்டித் தாழ்த்துதல். அரசங்கன்றை இழுத்துப் பிடுங்காமல் அறுத்து வேரைச் சாகடித்தல். உளுத்த உத்திரத்தின் முனையை மட்டும் வெட்டி நல்ல தேக்கை ஒட்டுதல். சுண்ணாம்பை உரிய நாள்வரை நீர்த்து ஊறவிட்டுப் பூசுதல். இவற்றில் எதுவும் திறப்பு விழாவுக்கு உகந்த வேலையன்று. இதனாலேயே இவை நடப்பதில்லையோ என்று நமக்கு ஓர் ஐயம் உண்டு. அன்றியும், தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துக்கள் பெரும்பாலும் அதன் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பவை. ஆரணிப் பகுதி 1976இல் உருவான வேலூர்ப் பேராயத்தைச் சார்ந்தது. உள்ளூர்ச் சபையார் விரும்பினால் ஓடு மாற்றலாம். பயன்பாட்டையே மாற்றுவதென்றால் மேலிடத்து இசைவின்றி முடியாது. இசைவு வரும்வரை மழை காத்திராது.

சரி, ஆரணியில் ஒரு பழங்கூடத்தைப் புதுக்கினால் அது யாருக்குப் பயன்படவேண்டும்? வாசகசாலை என்று நம் போன்றோர் உடனே சொல்வோம். தவறன்று. மாலைப் பள்ளி என்பர் சிலர். அதுவும் நன்றே. ஆனால் இவ்வூர் நெசவாளரின் ஊர். நெசவாளர்க்கு நீண்ட இடம் வேண்டும். பட்டுப் பாவை விடியற்காலையில் தெருவில் நீட்டி, இழையிழையாகப் பிரித்து, அறுந்ததைப் பிணைத்து, சீர்செய்து சுருட்டவேண்டும். மூன்று சேலைக்குரிய பாவு எனில் ஏறத்தாழ 16 முதல் 18 மீட்டர் நீளம். முன்னோர் இதற்கெனவே நெசவூர்களில் பாவடி என்று திறந்தவெளி விட்டிருந்தனர். பல ஊர்களில் பாவடி இன்று தெருப்பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது. தெருவிலோ இருசக்கர வண்டிகள் நிற்கவும் நகரவும் இடம் கேட்கின்றன.

ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் நிலைமை இன்னும் கடினம். தெரு நனைந்திருக்கும், குழித்தறியில் நீர் ஊறும், ஈரக் காற்றில் பட்டிழை ஒட்டிக்கொள்ளும். வானம் வெளுக்கும்வரை பாவு நீட்ட முடியாது. பாவு இன்றேல் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. ஒரு பழைய சபைக் கூடத்தின் நீளம் இத்தேவைக்கு ஒத்துவரக்கூடும் என்பதைப் புதுக்குவோர் அளவு நாடா பிடித்துப் பார்க்கவேண்டும் என்பது நம் வேண்டுகோள். நடுவே தூண் இல்லாத கூடமாயின் இன்னும் நன்று. ஞாயிறன்று காலையில் சபையார்க்கு. மற்ற ஆறு நாளும் விடியல் முதல் வெயில் ஏறும்வரை பாவுக்கு. மாலையில் படிக்கும் பிள்ளைகளுக்கு. வழிபாட்டுக்குரிய சபையாரும் அயற்சமயத்து நெசவாளரும் ஒரே கூரையின்கீழ் வருவரா என்று கேட்போர் உளர். மதனப்பள்ளி வாசகசாலைக்குச் செய்தித்தாள் தேடி வந்தோர் சமயம் பார்த்து வரவில்லை. மழைக்கு ஒதுங்கும் பாவும் பார்க்காது என்றே நாம் நம்புகிறோம்.

மேடை கட்டுவோர் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்வாராக. கூடத்தின் ஒரு கோடியில் நிலையான மேடை எழுப்பினால் நீளத்தில் மூன்று நான்கு மீட்டர் போய்விடும்; அப்பால் மூன்று சேலைப் பாவு அங்கே நீளாது. மரத்தில் கழற்றி வைக்கும் மேடை போதும். இரு கோடியிலும் எதிரெதிரே கதவு இருந்தால் அவற்றைச் செங்கல் வைத்து அடைக்காமல் விடவேண்டும். நீளம் போதாத நாளில் இரண்டையும் திறந்து வைத்தால், திண்ணையும் கூடத்தோடு சேர்ந்துகொள்ளும்.